ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் முதல் நிரந்தர வசிப்புரிமை வரை: எதை முதலில், எதைப் பிறகு

கோவையில் பி.இ. முடித்து, ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படித்து, அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, நிரந்தர வசிப்புரிமையும் வாங்கியவன் நான். ஊரிலிருந்து வரும் தம்பி, தங்கைகளுக்குக் காகிதங்களைச் சரிபார்த்துக் கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. தடுக்கி விழுந்த யாரையும் மக்கு என்று சொல்ல முடியாது. முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்தார்கள், அவ்வளவுதான்.

கீழே உள்ள தொகைகள் 2026 தொடக்கத்தில் நடப்பில் இருந்தவை. சம்பள வரம்பு ஒவ்வொரு ஜனவரியிலும் மாறும். வரிசை மாறாது.

1. கடைசிப் படியிலிருந்து எண்ணுங்கள்

நிரந்தர வசிப்புரிமைக்குப் போய் உட்காரும்போது அதிகாரி பார்ப்பது நான்கைந்து விஷயங்கள்தான். படிப்புக்கேற்ற வேலை, ஓய்வூதியக் காப்பீட்டில் பணம் கட்டிய மாதங்கள், ஜெர்மன் மொழிச் சான்று, போதிய இடமுள்ள வீடு, நாட்டின் சட்டம் பற்றிய அடிப்படை அறிவு. நீங்கள் படித்த பல்கலை உலகத் தரவரிசையில் எத்தனையாவது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

ப்ளூ கார்டு என்பது குறிப்பிட்ட சம்பளத்தை எட்டும் பட்டதாரிகளுக்கான வேலை, வசிப்பு அனுமதி. அதை வைத்திருப்பவர் பி1 அளவு ஜெர்மன் தெரிந்தால் (மொழித் தேர்ச்சி ஏ1 என்ற தொடக்க நிலையிலிருந்து ஏ2, பி1, பி2 என்று ஏறும்) 21 மாதங்களில் விண்ணப்பிக்கலாம். ஏ1 மட்டும் என்றால் 27 மாதங்கள். ப்ளூ கார்டுக்குச் சம்பளம் எட்டாமல் சாதாரணத் திறனாளர் அனுமதியில் இருப்பவர், ஜெர்மன் பல்கலையில் பட்டம் பெற்றிருந்தால், பி1 சான்றோடு 2 ஆண்டுகளில் கேட்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2026 அக்டோபரில் வகுப்பு, 2029 மார்ச்சில் பட்டம், ஜூனில் ப்ளூ கார்டு. பி1 கையில் இருந்தால் 2031 மார்ச்சில் விண்ணப்பம். படிக்கும்போது ஓடிய ஆண்டுகள் அந்த 21 மாதத்தில் சேராது. "நாலு வருஷமா இங்கேதானே இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டு வருபவர்களுக்கு நான் முதலில் விளக்குவது இதைத்தான்.

2. ஜெர்மன் மொழியைப் பெட்டி கட்டும் முன்பே தொடங்குங்கள்

ஆங்கிலத்தில் நடக்கும் மாஸ்டர்ஸ் ஏராளம். சேர்க்கைக்கு ஐ.இ.எல்.டி.எஸ். போதும் என்றிருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஜெர்மனைத் தள்ளிப்போடுவதுதான் மொத்தப் பயணத்தில் அதிக விலை கேட்கும் தவறு. வகுப்பறை ஆங்கிலத்தில் ஓடும், வேலை ஜெர்மனில் நடக்கும். பொறியியல் வேலைகளில் பெரும்பகுதியைத் தருவது மிட்டல்ஷ்டாண்ட் என்று அழைக்கப்படும் நடுத்தர நிறுவனங்கள். அவற்றில் பல, பெருநகரங்களிலிருந்து தள்ளி, நாம் பெயரே கேட்டிராத சிற்றூர்களில் இருக்கின்றன. அங்கே கூட்டம், மின்னஞ்சல், மதிய உணவு மேசைப் பேச்சு எல்லாமே ஜெர்மன்தான்.

நான் சொல்லும் அளவு இது: விமானம் ஏறும்போது ஏ2, முதலாண்டு முடிவில் பி1, தீசிஸ் தொடங்கும் முன் பி2. சென்னையில் இருப்பவர்களுக்கு நுங்கம்பாக்கத்தில் கெதே இன்ஸ்டிட்யூட் இருக்கிறது, அதை மேக்ஸ் முல்லர் பவன் என்றால்தான் பலருக்குத் தெரியும். ஊரில் இருக்கும்போதே ஏன் என்றால், அங்கே போனபிறகு வகுப்பும் பகுதிநேர வேலையும் உங்கள் நாளைத் தின்றுவிடும். பல்கலைகளின் மொழி மையங்களில் வகுப்புகள் மலிவு, சில இடங்களில் இலவசம். ஆனால் பதிவு திறந்த முதல் நாளிலேயே இடம் போய்விடும்.

செல்பேசிச் செயலியில் ஐந்நூறு நாள் தொடர்ச்சி வைத்திருப்பது நல்ல பழக்கம், சான்றாகாது. கெதே, டெல்க், ஓ.எஸ்.டி. போன்ற தேர்வுச் சான்றுகளைத்தான் அலுவலகம் ஏற்கும்.

3. படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைப் பார்க்காதீர்கள், பாடங்களைப் பாருங்கள்

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். நிராகரிப்புகளில் கணிசமானவை இங்கேதான் விளைகின்றன.

ஜெர்மன் மாஸ்டர்ஸில் பெரும்பாலானவை இளநிலையின் தொடர்ச்சியாகவே வடிவமைக்கப்பட்டவை. சேர்க்கை விதியில் "கணிதத்தில் இத்தனை கிரெடிட், கோட்பாட்டுக் கணினியியலில் இத்தனை கிரெடிட்" என்று எழுதியிருப்பார்கள். ஐரோப்பிய கிரெடிட் ஒன்று என்பது 25 முதல் 30 மணி நேரப் படிப்பு. அந்த எண்ணிக்கை எட்டவில்லை என்றால் உங்கள் சி.ஜி.பி.ஏ. 9.5 ஆக இருந்தாலும் கோப்பு மூடப்படும். இ.இ.இ. முடித்துவிட்டு, ஐந்தாண்டு ஐ.டி. அனுபவத்தை நம்பி கணினி அறிவியலுக்கு விண்ணப்பிப்பவர்கள் இப்படித்தான் பத்துப் பல்கலைகளிலும் ஒரே பதிலை வாங்குகிறார்கள். வேலை அனுபவத்தைக் கிரெடிட்டாக எண்ணமாட்டார்கள்.

ஆகவே முதல் வேலை: நீங்கள் விரும்பும் படிப்பின் சேர்க்கை விதிமுறையையும் பாடத்தொகுப்பு ஏட்டையும் தரவிறக்குங்கள். இடப்பக்கம் அவர்கள் கேட்கும் பாடம், வலப்பக்கம் நீங்கள் படித்த பாடம், அதன் கிரெடிட், பாடத்திட்டத்தில் எந்தப் பக்கம் என்று ஒரு அட்டவணை போடுங்கள். உங்கள் கல்லூரிப் பாடத்திட்டம் முழுவதையும் பி.டி.எப். ஆகச் சேர்த்து வையுங்கள். பல பல்கலைகள் இதே அட்டவணையைப் படிவமாகவே கேட்கும்.

அடுத்து மதிப்பெண். அங்கே 1.0 முதலிடம், 4.0 தேர்ச்சி விளிம்பு, 5.0 தோல்வி. நம் மதிப்பெண்ணை மாற்றும் சூத்திரம்: உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள். அதை, உச்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். உச்சம் 10, தேர்ச்சி 5, உங்களுடையது 7.5 என்றால் விடை 2.5. தேர்ச்சி மதிப்பெண்ணை 4 என்று எடுத்துக்கொண்டால் அதே மாணவருக்கு 2.25 வரும். பல படிப்புகள் 2.5ஐ எல்லையாக வைத்திருப்பதால் இந்தக் கால் புள்ளி சிறிய விஷயமில்லை. தேர்ச்சி மதிப்பெண் எது என்று மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்திலோ கல்லூரிக் கடிதத்திலோ தெளிவாக இருக்கட்டும்.

உங்கள் கல்லூரியும் பட்டமும் அங்கே எப்படி மதிக்கப்படுகின்றன என்பதை அனபின் என்ற அரசுத் தரவுத்தளத்தில் பார்க்கலாம். மூன்றாண்டு பி.எஸ்சி., பி.காம்., பி.சி.ஏ. முடித்தவர்கள் ஒவ்வொரு பல்கலையிடமும் தனித்தனியாக எழுதிக் கேட்டுவிடுங்கள். நண்பருக்குக் கிடைத்தது என்பது உங்களுக்கு ஆதாரமில்லை.

கட்டணம்: அரசுப் பல்கலைகளில் பெரும்பாலான மாநிலங்களில் படிப்புக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலையும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து வாங்கத் தொடங்கிவிட்டது. மாஸ்டர்ஸுக்கு அது செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. ஊரில் உள்ள ஏஜென்சிகளில் பல "கட்டணமே வேண்டாம், நாங்களே சேர்த்துவிடுகிறோம்" என்பார்கள். தனியார் கல்லூரிகள் தரும் கமிஷன் அவர்களுக்குப் போதும். அரசுப் பல்கலை அப்படி ஒன்றும் தருவதில்லை, அதனால் அது அவர்கள் பட்டியலில் கடைசியில் இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. தனியார் கல்லூரியில் சேர்வது குற்றமில்லை. அரசு அங்கீகாரம் உண்டா, வகுப்புகள் நேரில் நடக்கின்றனவா என்ற இரண்டை மட்டும் எழுத்தில் வாங்குங்கள். பாதிக்கு மேல் ஆன்லைனில் ஓடும் படிப்பை வைத்துக்கொண்டு வசிப்பு அனுமதி கேட்டால், "இதை உங்கள் ஊரிலிருந்தே படிக்கலாமே" என்ற பதில் வரக்கூடும்.

4. பெயரைச் சரிசெய்த பிறகே ஏ.பி.எஸ். சான்றிதழ்

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். மதிப்பெண் பட்டியலில் "கார்த்திக் எஸ்", பாஸ்போர்ட்டில் "கார்த்திக் செல்வம்", ஆதாரில் "எஸ் கார்த்திக்" என்று மூன்று ஆட்களாக இருப்போம். ஜெர்மன் படிவம் ஒவ்வொன்றும் குடும்பப் பெயரைக் கேட்கும். அந்தக் கட்டம் பாஸ்போர்ட்டில் காலியாக இருந்தால் ஒவ்வொரு அலுவலகமும் தன் விருப்பப்படி ஒன்றை எழுதிக்கொள்ளும். பிறகு வங்கி அட்டையில் ஒரு பெயர், காப்பீட்டு அட்டையில் ஒரு பெயர்.

எனவே பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து, குடும்பப் பெயர், சொந்தப் பெயர் இரண்டு கட்டத்தையும் நிரப்பி வாங்குங்கள். பெயர் வேறுபாட்டுக்கு ஒரு பிரமாணப் பத்திரமும் வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்ய வாரக்கணக்கில் ஆகலாம், அதனால்தான் இது ஏ.பி.எஸ்.ஸுக்கு முன்னால் வருகிறது.

ஏ.பி.எஸ். என்பது உங்கள் கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று டில்லியில் உள்ள ஜெர்மன் மையம் சரிபார்த்துத் தரும் சான்றிதழ். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர் விசாவுக்கு இது கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். பத்தாம் வகுப்பிலிருந்து எல்லா மதிப்பெண் பட்டியலும் போகவேண்டும், அரியர் எழுதிய செமஸ்டர்களின் பழைய பட்டியல்கள் உட்பட. "அரியர் பட்டியலை விட்டுட்டா நல்லா இருக்குமே" என்று எடுத்துவைத்தவர்களின் கோப்பு அங்கேயே நிற்கும். கூட்டம் சேரும் மாதங்களில் தாமதமாகும் என்பதால், விண்ணப்பம் திறக்கும் முன்பே சான்றிதழ் கையில் இருக்கும்படி அனுப்புங்கள்.

5. விண்ணப்பம்: கடைசித் தேதி என்பது உங்களுக்கான தேதி அல்ல

குளிர்கால செமஸ்டர் அக்டோபரில், கோடை செமஸ்டர் ஏப்ரலில். பொதுவான கடைசித் தேதிகள் ஜூலை 15, ஜனவரி 15. ஆனால் வெளிநாட்டு மாணவர்களுக்கான படிப்புகள் பலவற்றுக்கு மார்ச், மே மாதங்களிலேயே கதவு சாத்தப்படும்.

சில பல்கலைகள் நேரடியாக வாங்கும், சில யூனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாக. யூனி-அசிஸ்டில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. அவர்கள் சரிபார்க்க நான்கைந்து வாரம் எடுத்துக்கொள்வார்கள். ஒரு கையொப்பம் விடுபட்டால்கூட மீண்டும் கேட்பார்கள். கடைசித் தேதிக்கு எட்டு வாரம் முன்பே அனுப்பினால்தான் அந்தக் கடிதத்துக்குப் பதில் போட உங்களுக்கு அவகாசம் இருக்கும்.

எத்தனை இடத்துக்கு அனுப்புவது? பாட அட்டவணை உண்மையாகப் பொருந்தும் ஆறேழு போதும். பொருந்தாத இருபதுக்குக் கட்டிய பணத்தில் ஏ2 வகுப்பே முடித்திருக்கலாம்.

6. பணமும் காப்பீடும்

முடக்கப்பட்ட கணக்கு, நம் பிள்ளைகள் பேச்சில் பிளாக்டு அக்கவுன்ட்: ஓராண்டுக்கு 11,904 யூரோ. மாதம் 992 யூரோ மட்டும் விடுவிப்பார்கள். 2024 செப்டம்பரிலிருந்து இதுதான் அளவு. மியூனிக்கிலோ ஃபிராங்ஃபர்ட்டிலோ 992 யூரோவில் வாடகையும் காப்பீடும் போனால் மிச்சம் கொஞ்சம்தான். கெம்னிட்ஸ், மாக்டபுர்க் போன்ற கிழக்கு நகரங்களில் மூச்சுவிடலாம். முன்பணம், முதல் மாத வாடகை, செமஸ்டர் கட்டணம் ஆகியவற்றுக்கு இதற்கு மேல் தனியாக ஒரு தொகை வேண்டும். முதல் மாதம் பணம் விடுவிக்கவே உள்ளூர் வங்கிக் கணக்கு தேவைப்படும் என்பதை மறந்து, கையில் ஐம்பது யூரோவோடு இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடன் வாங்குபவர்கள் கடன் அனுமதிக் கடிதத்துக்கும் பணம் கைக்கு வரும் நாளுக்கும் இடையே ஒரு மாதமாவது வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும்போது வங்கி வரி பிடித்தால், அதற்குச் சான்று வாங்கி வைத்தால், பெற்றோர் வருமான வரிக் கணக்கில் அதை ஈடுகட்டலாம்.

மருத்துவக் காப்பீட்டில் ஒரே ஒரு எச்சரிக்கை, ஆனால் பெரியது. 30 வயதுக்கு உட்பட்ட மாணவருக்கு அரசுக் காப்பீட்டில் சலுகைக் கட்டணம் உண்டு. மலிவாக இருக்கிறதே என்று தனியார் காப்பீட்டுக்குக் கையெழுத்துப் போட்டு, அரசுக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கிவிட்டால், படிப்பு முடியும்வரை திரும்ப முடியாது. 30ஐத் தாண்டியவர்களுக்கு மாணவர் கட்டணமே கிடையாது, அதற்கேற்ப மாதச் செலவைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

7. விசா

சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே தூதரகத்தின் இணையதளத்தில் விண்ணப்பத்தைத் திறந்துவிடுங்கள். கட்டணம் 75 யூரோ. ஏ.பி.எஸ்., சேர்க்கைக் கடிதம், முடக்கப்பட்ட கணக்கு, காப்பீடு, நோக்கக் கடிதம் ஆகியவை மையம்.

நோக்கக் கடிதத்தில் எல்லோரும் ஒரே மாதிரியை நகலெடுக்கிறார்கள். இந்தப் படிப்பு, இந்தப் பாடம், உங்கள் இளநிலைப் புராஜெக்ட்டோடு எப்படித் தொடர்கிறது என்று இரண்டு பக்கத்தில் உங்கள் சொற்களில் எழுதினால் போதும். விசா மறுக்கப்பட்டால் தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் வழக்கம் 2025 ஜூலையோடு நின்றுவிட்டது. மீண்டும் விண்ணப்பிக்கலாம், அல்லது பெர்லினில் வழக்குத் தொடரலாம். முதல் தடவையே சரியாகக் கொடுப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

8. இறங்கிய முதல் வாரங்கள்

வரிசை இதுதான்: வீடு, முகவரிப் பதிவு, வங்கி, பல்கலைப் பதிவு, வசிப்பு அனுமதி. ஒன்றின் காகிதம் இல்லாமல் அடுத்தது நகராது.

முகவரிப் பதிவை அன்மெல்டுங் என்பார்கள். குடிபுகுந்த இரண்டு வாரத்தில் செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஓர் உறுதிப் படிவம் தேவை. "பதிவு செய்ய முடியாது, ஆனால் தங்கலாம்" என்று வரும் மலிவான அறைகளை நம்பிப் போகாதீர்கள். பதிவு இல்லாவிட்டால் வரி எண் வராது, வரி எண் இல்லாவிட்டால் சம்பளத்தில் அதிகபட்ச வரி பிடிப்பார்கள்.

வரி எண், வங்கியின் ரகசிய எண், காப்பீட்டு அட்டை எல்லாமே தபாலில்தான் வரும். தபால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். கதவு எண் மட்டும் இருந்தால் தபால்காரர் திருப்பிக்கொண்டு போய்விடுவார், ஏனென்றால் அங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண்ணே கிடையாது, பெயர்தான் விலாசம். வந்த இரண்டாம் நாள் ஒரு துண்டுக் காகிதத்தில் பெயரெழுதி ஒட்டுங்கள்.

வசிப்பு அனுமதி தருவது வெளிநாட்டினர் அலுவலகம். விசா முடியும் தேதிக்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரம் வைத்திருங்கள். நேரம் கிடைக்க மாதங்கள் ஆனாலும், உரிய காலத்தில் கேட்டிருந்தால் பழைய உரிமை தொடரும், அதற்கென இடைக்காலச் சான்று ஒன்று தருவார்கள். ஒரு நாள் தாமதித்தால் அந்தப் பாதுகாப்பு போச்சு.

9. வெர்க்ஷ்டூடென்ட் வேலை: உண்மையான பாலம் இதுதான்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

மாணவர் அனுமதியில் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். 2024 மார்ச் வரை இது 120, 240 ஆக இருந்தது. பல்கலையில் ஆய்வு உதவியாளர் வேலைக்கு இந்த வரம்பு பொருந்தாது. பாடத்திட்டத்தில் கட்டாயமாக உள்ள இன்டர்ன்ஷிப்பும் கணக்கில் வராது, விருப்பத்தில் செய்வது வரும்.

வெர்க்ஷ்டூடென்ட் என்பது உங்கள் துறையிலேயே வாரம் 20 மணி நேரம் வரை ஒரு நிறுவனத்தில் செய்யும் மாணவர் வேலை. குறைந்தபட்ச ஊதியம் 2026 ஜனவரியிலிருந்து மணிக்கு 13.90 யூரோ. உணவகத்திலும் கிடங்கிலும் அதே ஊதியம் கிடைக்கும், அதுவும் நாளைக்கே கிடைக்கும். அங்கேதான் வழி பிரிகிறது. முதல் செமஸ்டரில் கிடங்கு வேலையில் புகுந்தவர்களில் பலர் நான்காவது செமஸ்டரிலும் அங்கேயே பெட்டி அடுக்கிக்கொண்டிருப்பார்கள், கடன் தவணை துரத்துவதால் வெளியே வர முடியாது. பட்டம் வாங்கிய பிறகு, துறை அனுபவம் எங்கே என்று நிறுவனம் கேட்கும்.

தப்பு என்று சொல்லமாட்டேன். நானும் ஆறு மாதம் பாத்திரம் கழுவினேன். ஆனால் முடிவுத் தேதி வைத்துக்கொண்டு போங்கள். இரண்டாம் செமஸ்டர் முடியும்போது துறை வேலைக்கு விண்ணப்பிக்கத் தொடங்கியிருக்க வேண்டும். அதற்காகத்தான் முன்பே ஏ2, பி1 என்று நச்சரித்தேன். வெர்க்ஷ்டூடென்ட் நேர்காணலில் பத்து நிமிடம் தடுமாறியாவது ஜெர்மனில் பேசுபவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

கட்டாயம் தவிர்க்க வேண்டியது சொந்தத் தொழில். மாணவர் அனுமதி சம்பள வேலைக்கு மட்டும்தான். உணவு விநியோகத்தில் "நீங்கள் சுயதொழில் ஒப்பந்ததாரர்" என்று எழுதிய ஒப்பந்தமும், ஊரில் உள்ள நிறுவனத்துக்கு இங்கிருந்தபடி ஃப்ரீலான்ஸ் கோடிங்கும் தனி அனுமதியில்லாமல் செய்தால் விதிமீறல்.

வேலையை விட்டு விலகும்போது ஆர்பைட்ஸ்ட்சொய்க்னிஸ் எனும் பணிச்சான்றைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஒரு ரகசிய மொழி உண்டு. "எங்களுக்கு எப்போதும் முழுமுதல் திருப்தி" என்ற பொருளில் எழுதியிருந்தால் முதல் தரம். வெறுமனே "எங்களுக்குத் திருப்தி" என்றிருந்தால் சுமார் என்று அர்த்தம். பாராட்டு என்று நினைத்து அதைப் பெருமையாக இணைத்து அனுப்பிய தம்பி ஒருவன் நேர்காணல் வரவில்லையே என்று மாதக்கணக்கில் குழம்பினான். திருத்தித் தரச் சொல்லிக் கேட்பது அங்கே இயல்பு.

10. தேர்வும் தீசிஸும்

ஒரு பாடத்துக்குப் பெரும்பாலும் மூன்று வாய்ப்புகள்தான். மூன்றாவதிலும் தோற்றால் படிப்பிலிருந்து நீக்கம், நாட்டில் வேறெந்தப் பல்கலையிலும் அதே படிப்பில் சேர முடியாது. அரியர் வைத்து மெதுவாக முடிக்கும் நம் ஊர்ப் பழக்கம் அங்கே உதவாது. தயாரில்லை என்றால் குறித்த தேதிக்குள் பதிவை ரத்து செய்யுங்கள், வராமல் இருந்தால் தோல்வியாக எண்ணிவிடுவார்கள்.

தீசிஸை முடிந்தவரை நிறுவனத்தில் செய்யுங்கள், வெர்க்ஷ்டூடென்டாக இருந்த அதே இடம் என்றால் இன்னும் நல்லது. முதல் நிரந்தர வேலை பலருக்கும் அந்த மேலாளரிடமிருந்தே வருகிறது.

11. பதினெட்டு மாதக் கடிகாரம்

பட்டம் முடித்தவருக்கு வேலை தேட 18 மாதங்கள் வரை அனுமதி உண்டு. அந்தக் காலத்தில் எந்த வேலையும் செய்யலாம், நேரக் கட்டுப்பாடு இல்லை. அந்த 18 மாதத்துக்கு மேல் நீட்டிக்க மாட்டார்கள்.

செய்யும் முறை: மாணவர் அனுமதி தீரும் முன், தேர்வு அலுவலகத்தில் படிப்பு முடித்ததற்கான தற்காலிகச் சான்று வாங்கி விண்ணப்பியுங்கள். அச்சிட்ட பட்டம் வர மாதங்கள் ஆகும், அதற்குக் காத்திருக்காதீர்கள். செலவுக்குப் பணமும் காப்பீடும் காட்ட வேண்டும். மாணவர் சலுகை முடிந்துவிடுவதால் காப்பீட்டுக் கட்டணம் ஏறும், அதை முன்கூட்டியே ஒதுக்குங்கள்.

பதினெட்டு என்பது கேட்க நீளம். ஒரு நிறுவனம் விளம்பரத்திலிருந்து ஒப்பந்தம் வரை மூன்று நான்கு மாதம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும். "முடித்துவிட்டு ஊருக்குப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்து தேடுகிறேன்" என்பவர் உண்மையில் வைத்திருப்பது ஒரு வருடம்தான். தீசிஸ் ஒப்படைப்பதற்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பங்களைத் தொடங்குங்கள்.

12. ப்ளூ கார்டா, சாதாரண அனுமதியா

2026இல் ப்ளூ கார்டுக்கான ஆண்டுச் சம்பளம் 50,700 யூரோ. ஆள் பற்றாக்குறைத் துறைகளுக்கும், பட்டம் பெற்று மூன்றாண்டுகளுக்கு உட்பட்டவர்களுக்கும் 45,934.20 யூரோ. இந்தக் குறைந்த வரம்பில் சேரும்போது வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதலும் தேவை. வேலை உங்கள் பட்டத்தின் தகுதிக்கேற்றதாக இருக்க வேண்டும், ஒப்பந்தம் குறைந்தது ஆறு மாதத்துக்கு.

பேரம் பேசும்போது இந்த எண்ணை மனதில் வையுங்கள். 45,500 என்று நிறுவனம் சொன்னால், வரம்பைக் காட்டி 46,000 கேளுங்கள். ஆண்டுக்கு ஐந்நூறு யூரோ நிறுவனத்துக்குப் பெரிதல்ல, பலர் தந்துவிடுகிறார்கள். உங்களுக்கோ அது வசிப்புரிமையைச் சில மாதங்கள் முன்னால் கொண்டுவரும். திருமணம் நெருங்குபவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: ப்ளூ கார்டுக்காரரின் துணைவர் விசாவுக்கு முன் ஜெர்மன் தேர்வு எழுத வேண்டியதில்லை.

ப்ளூ கார்டில் முதல் 12 மாதத்துக்குள் வேலை மாறினால் வெளிநாட்டினர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் மாறிவிட்டு, வசிப்புரிமை விண்ணப்பத்தின்போது மாட்டிக்கொள்ளாதீர்கள்.

13. நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பம்

தகுதி நாளுக்கு நான்கு மாதம் முன்பு கோப்பைத் தொடங்குங்கள். ஓய்வூதியக் காப்பீட்டு நிறுவனத்திடம் உங்கள் கட்டணப் பதிவை இணையத்தில் கேட்டால் தபாலில் வரும். அதில் மாதம் விடுபட்டிருந்தால் சரிசெய்ய அவகாசம் வேண்டும். பி1 சான்று, வாடகை ஒப்பந்தம், கடைசிச் சம்பளச் சீட்டுகள், நிறுவனத்தின் வேலை உறுதிக் கடிதம்.

நாட்டின் சட்டம் பற்றிய அடிப்படை அறிவைக் காட்டும் "லேபன் இன் டாய்ச்லாண்ட்" (ஜெர்மனியில் வாழ்க்கை) என்ற தேர்வையும் எழுதிவிடுங்கள். 33 கேள்விகள், 60 நிமிடம், கட்டணம் 25 யூரோ. உங்கள் மாநிலத்துக்கான பத்தும் சேர்த்து 310 கேள்விகளும் முன்கூட்டியே வெளியிடப்பட்டிருக்கின்றன. 17 சரியாக எழுதினால் பின்னாளில் குடியுரிமைக்கும் அதே சான்று பயன்படும்.

இடையில் ஊருக்குப் போய்த் தங்குபவர்களுக்கு: சாதாரண வசிப்பு அனுமதி, தொடர்ந்து ஆறு மாதம் நாட்டுக்கு வெளியே இருந்தால் பொதுவாகக் காலாவதியாகிவிடும். அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ள நீண்ட விடுப்பில் போவதென்றால் முதலில் வெளிநாட்டினர் அலுவலகத்தில் எழுத்து வாங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

குடியுரிமை வேண்டுபவர்களுக்கு, படித்த ஆண்டுகளும் சேர்த்து 5 ஆண்டுகள். மூன்றாண்டு விரைவு வழி 2025 அக்டோபரில் நீக்கப்பட்டுவிட்டது. ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை ஏற்கும், இந்தியா ஏற்காது. ஜெர்மன் குடியுரிமை பெற்றதும் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த அட்டை கைக்கு வரும்வரை ஊருக்குப் போக விசா எடுக்க வேண்டியிருக்கும். வீட்டில் கல்யாணமோ காதுகுத்தோ குறித்திருந்தால் தேதியைப் பார்த்து விண்ணப்பியுங்கள்.